முதியோர் தூக்கவேண்டிய கல்

மேடும் பள்ளமுமான ஊரிலே வாழ்பவனுக்கு வயது ஏறுவதை முதன்முதலில் அறிவிப்பது அவனுடைய முழங்கால். நிலைக்கண்ணாடி சிலவேளை பொய் சொல்லும், நரைக்குச் சாயமுண்டு, விழுந்த பல்லுக்குப் பதிற்பல் உண்டு. ஆனால், வீட்டிலிருந்து வீதிக்கு இறங்க இருபது படி, வீதியிலிருந்து வீட்டுக்கு ஏற அதே இருபது படி என்று விதிக்கப்பட்டவனிடம் அந்தப் படிகள் ஒருநாளும் முகமன் பேசுவதில்லை. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து வத்தேகமப் பக்கமாகச் செல்லும் வழியிலுள்ள நமது மடவளையும் அத்தகைய ஊரே. போன வருடம் ஒரே மூச்சில் ஏறிய சரிவை இவ்வருடம் மூன்று தரிப்பில் ஏறுகின்றவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இப்படித் தரித்து நிற்கும் மனிதருக்கு இரண்டு ஆலோசனைகள் கிடைக்கின்றன. ஒன்று பிள்ளைகளிடமிருந்து வருவது: “நீங்கள் பேசாமல் இருங்கள் வாப்பா, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” மற்றையது இளைய நண்பர்களிடமிருந்து வருவது: “ஜிம்முக்கு வாருங்கள் நானா, மூன்று மாதத்திலே இருபது வயது குறைந்துவிடும்.” முன்னது அன்பின் மிகுதி, பின்னது உற்சாகத்தின் மிகுதி. முன்னதைக் கேட்டவர் மெல்ல மெல்ல நலிகிறார். பின்னதைக் கேட்டவர் சில வாரங்களில் தோளையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் போகிறார். போய்வந்து, முன்னவரைப்போலவே கதிரையில் அமர்ந்துவிடுகிறார். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதும், அந்த வழியை ஒவ்வொருவரும் தனித்தனியே தேடி அலையாமல் ஊரே சேர்ந்து அமைத்துக்கொள்ளலாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அன்பின் பெயரால் நிகழும் தீங்கைப் பார்ப்போம். முதியோரை வேலை வாங்காமல் இருத்தி வைப்பது நம் பண்பாட்டிலே மரியாதை. கடைக்குப் போக மகன். செருப்பை எடுத்துவைக்கப் பேரன். தேநீரைக் கையிலே கொண்டுவந்து கொடுக்க மருமகள். சந்திக்குப் போக ஓட்டோ. இவ்வாறு ஐந்தாறு வருடம் மரியாதை செய்யப்பட்ட மனிதர், கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கைகளையும் ஊன்றவேண்டியவராகிறார். உடலானது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப்போல மிகக் கண்டிப்பானது. வேலைக்கு வராத தசைக்கு அது பேர் போடுவதில்லை.

முப்பது வயதுக்குப் பின்னர், பத்து வருடத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 வரையான பங்கு தசை குறைந்துகொண்டு போகிறது என்பது மருத்துவ நூல்களில் வழங்கும் கணக்கு. அறுபதுக்குப் பின் அந்த வேகம் கூடுகிறது. தசையின் பருமன் குறைவதைவிட அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. இந்நிலைக்கு ‘சார்க்கோபீனியா’ என்னும் பெயரை 1980களின் இறுதியில் சூட்டியவர் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பேர்க். அதற்கு முன்னே இதற்குத் தனிப்பெயரே இருக்கவில்லை. ‘வயது போய்விட்டது’ என்ற சொல்லுக்குள்ளே எல்லாம் அடங்கிக் கிடந்தது. பெயரிடப்படாத நோய்க்கு மருந்து தேடுவார் இல்லையல்லவா?

ஓய்வு இந்த நலிவை எவ்வளவு விரைவுபடுத்தும் என்பதற்கு 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சான்று தருகிறது. சராசரி 67 வயதுடைய, நோயற்ற முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்று. காய்ச்சலென்றும் தடிமனென்றும் ஒரு வாரம் படுத்தெழுந்த முதியவர் பழைய நடையைத் திரும்பப் பெறாமல் போவதன் இரகசியம் இதுதான். நோய் போய்விடுகிறது, நோயின்போது போன கால் திரும்பி வருவதில்லை, அதைத் திரும்ப அழைக்க யாரும் முயலாததால்.

அப்படியானால் நம் மூத்தோர் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் குடத்தில் நீர் சுமந்தார்கள், விறகு வெட்டினார்கள், உரலில் குத்தினார்கள், அம்மியில் அரைத்தார்கள், கிராமம் விட்டுக் கிராமம் நடந்தார்கள். அவர்களுடைய தேகாப்பியாசம் வாழ்க்கைக்குள்ளேயே இருந்தது. குழாய்நீரும் எரிவாயு அடுப்பும் மின்சார அரைவையும் வந்தபின் அந்த வேலைகள் போயின. அவற்றோடு அவை தந்த வலிமையும் போயிற்று. ஆனால், பழங்காலத்தைப் பொற்காலமாக்கி மயங்கவும் வேண்டியதில்லை. கண்டிக் கடைகளிலே மூடை சுமந்த நாட்டாமைகளின் முதுகையும், தேயிலை மலையில் நாள் முழுவதும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் முழங்காலையும் கண்டவர் எவரும், உழைப்பெல்லாம் உடலுக்கு நன்மை என்று சொல்லத் துணியார். உழைப்பின் பாரத்தை நிர்ணயிப்பவை விலைவாசியும் வயிறும். அங்கே உடலைக் கேட்பவர் இல்லை. பயிற்சியின் பாரத்தை நிர்ணயிக்கவேண்டியது உடல். வேலையில் இன்று 50 கிலோ மூடை வந்தால் இன்றே 50 கிலோ தூக்கவேண்டும். பயிற்சியிலோ இன்று இரண்டு கிலோ, அடுத்த மாதம் மூன்று கிலோ என்று கேட்டுக் கேட்டு ஏறலாம். இந்த ஒரு வேறுபாட்டிலேயே காயமும் நலமும் பிரிகின்றன.

முதிர்ந்த வயதிலே தசை வளருமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அந்த ஐயத்தைப் போக்கிய ஆராய்ச்சி 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில், சராசரி 90 வயதுடைய பத்துப் பேரைத் தெரிந்து, டொக்டர் மரியா ஃபியாட்டரோன் என்பவரும் அவருடைய குழுவினரும் எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியைத் தொடர்ந்து முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடியது. அதாவது இரண்டரை மடங்குக்கு மேலாயிற்று. நான்கு வருடங்களின் பின், சராசரி 87 வயதுடைய நூறு பேரைக் கொண்டு அதே குழுவினர் செய்த பெரிய ஆய்வும் இவ்வுண்மையை உறுதிப்படுத்தியது. கைத்தடியும் சக்கர நாற்காலியும் கொண்டு திரிந்தவர்கள் அவர்கள். தொண்ணூறிலே தசை கற்றுக்கொள்ளுமாயின் அறுபதிலே ஏன் கற்றுக்கொள்ளாது?

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘நான்தான் தினந்தோறும் நடக்கிறேனே, அது போதாதா?’ என்பது அது. கண்டி வாவியைச் சுற்றி, மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பாதையிலே, விடியற்காலையில் நடப்பவர்களைக் காண்பது மனத்துக்கு இதமான காட்சி. நடை இருதயத்துக்கு நல்லது, நீரிழிவுக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. அதை எவரும் நிறுத்தவேண்டாம். ஆனால், சமதரையில் நடப்பது கால்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப ஒப்புவிப்பதால் அறிவு வளராததுபோல, பழகிய பாரத்தையே சுமப்பதால் வலிமை வளர்வதில்லை. இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற இயக்கத்தோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி குறைந்தது இரண்டு நாளும், அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்குச் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி மூன்று நாளும் வேண்டும் என்று விதந்துரைத்தது.

இனி உற்சாகத்தின் பெயரால் நிகழும் தீங்கு. தமிழ்நாட்டின் தென்மாவட்டத்துக் கிராமங்களிலே ‘இளவட்டக்கல்’ என்று ஒன்று உண்டு. உருண்டு திரண்ட பெருங்கல். அதைத் தூக்கித் தோளுக்குமேலே கொண்டுபோய்ப் பின்னே எறிபவனே ஆண்மகன், அவனுக்கே பெண் கொடுக்கலாம் என்பது பழைய வழக்கம். கல்லின் பெயரைக் கவனியுங்கள்: அது இளவட்டங்களின் கல். முதுவட்டத்துக்கென்று நம் முன்னோர் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போகவில்லை. வலிமை என்றாலே வாலிபம், வாலிபம் என்றாலே பந்தயம் என்று நம் மனத்திலே பதிந்துவிட்டது. யூஜின் சாண்டோ என்னும் மேனாட்டு மல்லன் 1905ஆம் ஆண்டளவில் இந்தியாவிலே காட்சி நடத்திச் சென்றபின், ‘சாண்டோ’ என்ற அவனுடைய பெயரே தமிழில் பலசாலிகளின் பட்டமாயிற்று. அவனுடைய புகைப்படத்தைத்தான் நாம் இன்றும் பயிற்சிக்கூடச் சுவர்களிலே வேறு வேறு முகங்களோடு மாட்டிவைத்திருக்கிறோம். அறுபது வயதுக்காரர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பாரம் தூக்குகிறார். அவருடைய கண் சுவரிலே. அவருடைய தோள்மூட்டோ அறுபது வருடம் பழையது.

பழைய கிரேக்கர்கள் மைலோ என்னும் மல்லனைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள். தென் இத்தாலியிலே குரோட்டன் என்னும் ஊரில், கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவன் அவன். ஒலிம்பியாவிலே ஆறு தடவை மல்யுத்த வெற்றி பெற்றவன். ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் சுமந்து வந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, ஈற்றில் முழுக் காளையையே சுமந்தானாம். படிப்படியாகப் பாரம் ஏற்றும் முறைக்கு இன்றளவும் இக்கதையையே உதாரணமாகக் காட்டுவார்கள். ஆனால் கதையின் முடிவைச் சொல்பவர் குறைவு. வயது சென்றபின் ஒருநாள் காட்டுவழியே போன மைலோ, ஆப்பு இறுக்கி விட்டிருந்த மரமொன்றைக் கண்டு, பழைய பலத்தை நினைத்துக் கையாலேயே பிளக்க முனைந்தான். ஆப்புக் கழன்றது, மரம் கையைக் கவ்விக்கொண்டது, சிக்கி நின்றவனை ஓநாய்கள் தின்றன. கன்றைச் சுமந்தபோது அவன் உடலைக் கேட்டு நடந்தான். மரத்தைப் பிளந்தபோது நினைவைக் கேட்டு நடந்தான். இன்று முதியோர் பலருக்கு நேரும் காயங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே. இருபத்தைந்து வருடத்துக்கு முன் பாடசாலை மைதானத்தில் ஓடிய ஓட்டத்தைப் பழைய மாணவர் விளையாட்டு விழாவிலே மறுபடி ஓடப்போய்க் குதிகால் தசைநாண் அறுந்து வீழ்ந்தவர்களை எல்லா ஊரும் அறியும்.

உடலுக்குள்ளே நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால் அவசரம் தானே அடங்கும். பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களில் வலிமை விரைவாக ஏறுவதுபோலத் தோன்றும். அப்போது தசை பெரிதாகிவிடுவதில்லை. உறங்கிக்கிடந்த தசையிழைகளை எழுப்பி வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன, அவ்வளவே. அதன்பின் தசை மெல்லத் தடிக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ குருதியோட்டம் குறைந்த பொருள்; அது உறுதிப்பட மாதக்கணக்காகும்; வயது கூடக்கூட இன்னும் தாமதிக்கும். ஆகவே, முயற்சியின் இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தசை ‘தூக்கு’ என்கிறது. தசைநாண் ‘பொறு’ என்கிறது. இளைஞனுக்கு இந்த இடைவெளி சிறிது, முதியவருக்குப் பெரிது. தசையின் குரல் உரத்தது, தசைநாணின் குரல் மெல்லியது. மெல்லிய குரலைக் கேட்காதவர்க்கே காயம் நேர்கிறது.

ஆகவே முதியோருக்கான பயிற்சி எவ்வாறு இருக்கவேண்டும்? அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழியைவிடச் சிறந்த விதி இதற்கில்லை. கதிரையிலே அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமர்வது முதற்பாடம். எட்டுத் தடவை செய்தபின்னும் இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யலாம் என்ற தெம்பு மிஞ்சியிருக்கும்போதே நிறுத்தவேண்டும். இறுதி மூச்சுவரை போராடுவது பந்தயக்காரருக்கு உரியது. சுவரிலே கையூன்றித் தள்ளுவது இரண்டாம் பாடம். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது மூன்றாவது. நீர் நிறைத்த போத்தல்களை இரு கையிலும் ஏந்தி நிமிர்ந்து நடப்பது நான்காவது. இவை இலகுவானபின் பாரத்தைச் சிறிது கூட்டலாம். கூட்டியபின் சில வாரம் அதிலேயே நிற்கலாம். ஒரு தடவை வேலை வாங்கிய தசைக்கு ஏறத்தாழ இரண்டு நாள் ஓய்வு வேண்டும். பாரம் ஏறும்போது மூச்சை வெளியே விடவேண்டும். மூச்சை அடக்கித் தூக்குவது குருதி அமுக்கத்தைச் சட்டென உயர்த்தும்.

வலியைப்பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். பழக்கமில்லாத வேலை செய்தபின் தசையிலே மறுநாள் தோன்றும் நோவு, ஓரிரு நாளிலே தானே ஆறும், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. மூட்டுக்குள்ளே குத்தும் வலி, ஒரே இடத்திலே கூர்மையாகப் பிடிக்கும் வலி, மறுநாளும் கூடிக்கொண்டு போகும் வலி ஆகியவை வேறு. அவை வந்தால் அந்தப் பயிற்சியை விடவேண்டும். ஆனால் பயிற்சியையே விட்டுவிடக்கூடாது. தோள் நோகிறவர் காலுக்கு வேலை கொடுக்கலாம். மார்பிலே இறுக்கம், தலைச்சுற்று, அளவுமீறிய மூச்சுத்திணறல் என்பவை தோன்றினால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும். இருதய நோய், கட்டுப்படாத குருதி அமுக்கம், கண்ணைத் தாக்கிய நீரிழிவு ஆகியவை உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றிப் பாரத்தைத் தொடவே கூடாது.

எலும்பு நலிந்தவர்கள், விசேடமாக மாதவிடாய் நின்ற பெண்கள், பாரத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பே. முதுகை வளைத்துப் பாரம் தூக்குவது அவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து. ஆயினும், அவுஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று நம் சிந்தனைக்குரியது. எலும்பின் அடர்த்தி குறைந்த நூறு பெண்களளவில் தெரிந்து, ஒரு பகுதியினருக்கு வாரம் இருமுறை, அரை மணி நேரம், எட்டு மாதம், நேரடிக் கண்காணிப்பிலே கனத்த பாரப் பயிற்சி அளித்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது, செய்யாதவர்களுக்குக் குறைந்தது. காயம் மிக அரிதாகவே நேர்ந்தது. இதிலே நாம் பற்றிக்கொள்ளவேண்டிய சொல் ‘கண்காணிப்பு’ என்பதாகும். அதே பாரத்தை அதே பெண்கள் தனியே கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

நம் ஊரின் வழக்கங்களுக்குள்ளேயே இதற்கோர் அளவுகோல் இருக்கிறது. ஐவேளைத் தொழுகையைத் தரையிலே நிறைவேற்றும் ஒருவர், கடமையான பதினேழு ரக்அத்துகளில் முப்பத்துநான்கு முறை நெற்றியை நிலத்தில் வைக்கிறார். தொழுது முடிந்து எழுவதையும் சேர்த்தால் நாளுக்குப் பதினேழு முறை தரையிலிருந்து எழுந்து நிற்கிறார். வணக்கத்தை அப்பியாசமாகக் கருதுவது பிழை. அது இறைவனுக்கு உரியது. ஆயினும் அந்த எழுச்சி எளிதாக இருக்கும்வரை ஒருவருடைய கால்கள் உயிரோடிருக்கின்றன என்று துணிந்து சொல்லலாம். பிரேசில் நாட்டிலே 51 முதல் 80 வயதுவரையான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து புள்ளியிட்டு, ஆறு வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழுந்தவர்களைவிட, பலமுறை ஊன்றி எழுந்தவர்களிடையே இறப்பு மிக அதிகமாக இருந்தது என்று 2012ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். எழமுடியாமையே மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. உள்ளே நடக்கும் நலிவுக்கு அது வெளியே தெரியும் அடையாளம். பள்ளிவாசலின் பின்வரிசையிலே நாற்காலிகள் கூடுவதை நாம் காண்கிறோம். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. அதிலே அமர்பவரை எவரும் குறைகூறல் ஆகாது. நம் கேள்வி வேறு: நாற்காலிக்கு இன்னும் ஐந்து வருடம் தூரத்தில் இருப்பவர்களுக்கு, அந்த ஐந்தைப் பதினைந்தாக்க நாம் என்ன செய்கிறோம்?

இந்தக் கேள்வி பெண்களைப்பற்றியதாகும்போது இன்னும் கனக்கிறது. ஆண்களுக்காவது வீதியும் மைதானமும் பயிற்சிக்கூடமும் உண்டு. நம் உம்மாமாருக்கும் உம்மும்மாமாருக்கும் வீட்டு முற்றத்துக்கு அப்பால் இடமில்லை. எலும்பு நலிவு அதிகமாகத் தாக்குவதோ அவர்களையே. பெண்ணுக்கு இது ஒவ்வாதென்று சொல்பவர்கள் தமிழ் நிலத்திலிருந்தே இரண்டு பெண்களை நினைத்துப் பார்க்கட்டும். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, எழுபது வயதைக் கடந்தபின், 2023ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிலே 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கப்பதக்கம் வென்றார். தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள், 82ஆவது வயதில், 2025ஆம் ஆண்டு கோயம்புத்தூரிலே நடந்த போட்டியில் 50 கிலோ பாரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். அவர் பேரப்பிள்ளைகளின் துணையோடு பழகியவர். அரிசி மூடை சுமந்து முன்னரே பழகிய உடல் அவருடையது. இவர்களைப்போல எல்லாரும் மேடையேறவேண்டும் என்பதல்ல. முதிய பெண்ணின் உடல் எவ்வளவு செய்யவல்லது என்பதன் எல்லைக்கல்லை நாம் மிக அருகிலே நட்டுவைத்துவிட்டோம் என்பதே இவர்கள் தரும் பாடம்.

இத்தனையும் எதற்காக? அழகுக்காக அன்று, வீழாதிருப்பதற்காக. முதியவருடைய வாழ்க்கையை ஒரே கணத்தில் இரண்டாகப் பிளப்பது ஒரு வீழ்ச்சி. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவரேனும் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எஞ்சியவர்களிலும் பலர் பழையபடி தனித்து நடமாடுவதில்லை. கால் வழுக்கும் கணத்திலே நம்மைத் தாங்கிப் பிடிக்கவேண்டியவை விரைவாகச் சுருங்கும் தசையிழைகள். வயது முதலில் தின்பதும் அவற்றையே. பயிற்சியினால் வீழ்ச்சிகள் குறையுமா என்பதை ஆராய்ந்த 108 பரிசோதனைகளை, 23,000க்கு மேற்பட்ட முதியோரின் விபரங்களை, கொக்ரேன் அமைப்பினர் ஒன்றுதிரட்டி 2019ஆம் ஆண்டில் தொகுத்தளித்தார்கள். பயிற்சி செய்தவர்களிடையே வீழ்ச்சி ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு பாரப் பயிற்சியும் சேர்ந்தபோது மூன்றிலொரு பங்களவு குறைந்திருந்தது. காயத்துக்கு அஞ்சி வலிமையைக் கைவிடுகிறவர் பெரிய காயத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறார் என்பதை இக்கணக்கு தெளிவாக்குகிறது. கூடவே, மழைக்காலத்தில் பாசி படரும் படிகளைத் தேய்ப்பதும், குளியலறைச் சுவரிலே ஒரு பிடியைப் பொருத்துவதும், இரவிலே நடைவழிக்கு ஒரு விளக்கு வைப்பதும் பிள்ளைகளின் கடமை. இந்தக் கடமைக்கு அன்பு எவ்வளவு இருந்தாலும் தகும்.

உணவையும் விட்டுவிட முடியாது. பாரம் தூக்கிய தசை தன்னைத் தானே கட்டிக்கொள்ளப் புரதம் வேண்டும். முதியோருக்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டுமென்று துறைசார்ந்த அறிஞர் குழுவொன்று 2013ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அறுபது கிலோ உடையவருக்கு அது 60 முதல் 72 கிராம். சோற்றை மலையாகவும் கறியைத் துளியாகவும் வைத்துண்ணும் நம் தட்டிலே அது எளிதிற் சேராது. முட்டையும் பருப்பும் கௌப்பியும் கடலையும் நெத்தலியும் மூன்று வேளையிலும் பரவி வரவேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே கூட்டவேண்டும். நோன்பு மாதத்திலே பாரத்தைக் குறைத்து, பழக்கத்தை மட்டும் விடாமல் காப்பது புத்தி.

“ஆயுளை எழுதியவன் இருக்கிறான், இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களோடு வாதிட நாம் வரவில்லை. வங்காளத்து மனோகர் ஐச், நாலடி பதினோரங்குல உயரமே உடையவர், 1952ஆம் ஆண்டில் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ பட்டம் பெற்றவர், 2016ஆம் ஆண்டில் 104ஆவது வயதிலே காலமானார். பயிற்சியினாலே அவருக்கு நூறு வயது கிடைத்தது என்று நாம் சொல்ல மாட்டோம். பயிற்சி செய்தும் இளமையில் மறைந்தவர்கள் உண்டு. சாண்டோவே 1925ஆம் ஆண்டில் 58ஆவது வயதில் இறந்தவர்தான். பயிற்சி ஆயுளின் நீளத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. எழுதப்பட்ட ஆயுளைப் பிறர் தோளில் சாய்ந்து கழிப்பதா, தம் காலில் நின்று கழிப்பதா என்பதிலே அதற்குப் பங்குண்டு.

இனி ஊர் செய்யக்கூடியது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் நூற்றுக்கு 12.4 பேராக இருந்தனர்; அப்பங்கு அதன்பின் ஏறியே வருகிறது. பிள்ளைகளோ கொழும்பிலும் கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கிறார்கள். “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்ற சொல்லைத் தொலைபேசியில் சொல்லலாம். படியிலே கைபிடித்து ஏற்றத் தொலைபேசியால் முடியாது. மடவளையில் மதீனா தேசிய பாடசாலை இருக்கிறது, பள்ளிவாசல்கள் இருக்கின்றன, சனசமூக மண்டபங்கள் இருக்கின்றன. வாரத்திலே இரண்டு நாள், அரை மணி நேரம், ஆண்களுக்கு ஒரு வேளை, பெண்களுக்கு ஒரு வேளை என்று ஒரு மண்டபத்தைத் திறந்துவிடுவது பெரிய செலவன்று. இருபது உறுதியான கதிரைகளும், ஒன்று முதல் ஐந்து கிலோ வரையான மணல் பைகளும் போதும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே இயன் மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அங்கு கற்றவர்களில் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பார்த்து, யாருக்கு என்ன பாரம், யாருக்கு எது ஆகாது என்று குறித்துத் தந்தால் அதுவே கண்காணிப்பு. கற்றுக்கொண்ட நம் ஊர் இளைஞரும் யுவதிகளும் மற்ற நாட்களை நடத்தலாம். ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டிலே தம்மோடு மட்டும் போட்டியிடட்டும். அடுத்தவர் பையின் பாரத்தை எட்டிப்பார்க்கத் தடை விதித்துவிட்டால் பாதிக் காயம் அங்கேயே நின்றுவிடும்.

அந்த மண்டபம் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நாளைக்கு வாப்பா கடையிலிருந்து இரண்டு கிலோ அரிசிப் பையோடு படியேறி வந்தால், மக்களே, ஓடிப்போய் அதைப் பறிக்கவேண்டாம். முதுகு நிமிர்ந்திருக்கிறதா, பை உடலோடு ஒட்டியிருக்கிறதா, மூச்சுச் சீராக வருகிறதா, மற்றக் கை கைபிடியிலே இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் விலகி வழிவிடுங்கள். அவர் வீட்டுக்குள் வந்து பையை இறக்கி வைக்கட்டும். தேநீரை அதன்பின் கொடுக்கலாம்.